மறுமொழி: ‘மாலிகுலர் மிமிக்ரி’ – தமிழ்ச் சொல் வேண்டும்

அன்புள்ள ஆய்வாளருக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

எப்ஸ்டீன்-பார் வைரசுத் தொற்றுக்கும் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கும் உள்ள தொடர்பு குறித்த தங்கள் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குத் தமிழ்ச் சுருக்கம் எழுதுகையில், ‘மாலிகுலர் மிமிக்ரி’ என்பதற்குச் சொல் கேட்டிருந்தீர்கள். ஒப்பொலியாக மிமிக்ரி என்றே எழுதினால் பலகுரல் மேடைதான் நினைவுக்கு வரும் என்பதால் சொல் தேவைதான். குழுமத்தில் இதுவரை வந்த மூலக்கூற்று ஒப்புமை, மூலக்கூற்றுப் பாவனை, மூலக்கூற்று வேடம் ஆகிய மூன்றும் எனக்கு நிறைவளிக்கவில்லை. நிகழ்வு தெளிந்தால்தான் சொல் அமையும். ஆகவே இத்துறை அறியாத நண்பர்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த வைரசு 1964 இல் லண்டனில், உகாண்டாவிலிருந்து வந்த பர்க்கிட் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுக்கட்டியின் செல்களில் கண்டறியப்பட்டது. வயதுவந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அதன் தொற்றைப் பெற்றவர்களே. அதுவே ஆய்வுக்குப் பெரிய இடராகவும் இருந்தது. ஏறத்தாழ எல்லாரிடமும் உள்ள ஒன்றை, மிகச் சிலருக்கு மட்டும் வரும் நோய்க்குக் காரணம் என்று காட்ட வேண்டுமானால், தொற்று இன்னும் வராதவர்களைத் தேடிப்பிடித்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். சேமித்து வைக்கப்பட்டிருந்த அமெரிக்கப் படையினரின் இரத்த மாதிரிகள் அந்த வாய்ப்பைத் தந்தன. ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழுவினர் 2022 இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட படையினருள் 955 பேருக்குப் பணிக்காலத்தில் இந்நோய் கண்டறியப்பட்டது. மாதிரிகள் கிடைத்த நோயாளிகளுள் தொடக்கத்தில் தொற்று இல்லாதிருந்தவர்கள் 35 பேர். அவர்களில் 34 பேர் நோய் தொடங்குமுன் தொற்றைப் பெற்றிருந்தனர். தொற்றுக்குப் பின் நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்ந்தது. அதே வழியில் பரவும் சைட்டோமெகலோ வைரசுக்கு அத்தகைய உயர்வு காணப்படவில்லை.

தொடர்பு உண்டு என்பதை அது காட்டியது. எவ்வழி என்பதற்கான ஒரு விடை அதே ஆண்டில் நேச்சர் இதழில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தாரின் ஆய்வில் வந்தது. நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரிலுள்ள பி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் உருவாக்கிய, கிருமிகளைப் பற்றும் எதிர்ப்பொருள்களுள் ஒன்று, வைரசின் எப்னா-1 புரதத்தையும் நம் நரம்பு மண்டலத்தின் கிளியல்கேம் புரதத்தையும் ஒருங்கே பற்றிக்கொண்டது. இரு புரதங்களிலும் அமினோ அமில வரிசையின் ஒரு சிறு பகுதி ஏறத்தாழ ஒன்றாக இருக்கிறது. வைரசை நோக்கி உருவான எதிர்ப்பொருள், அப்பகுதியைக் கொண்டு உடலின் சொந்தப் புரதத்தையும் வைரசென்றே கொள்கிறது.

இனிச் சொல்லுக்கு வருவோம். ‘ஒப்புமை’ இரு வரிசைகள் ஒத்திருக்கின்றன என்பதோடு நின்றுவிடுகிறது. ஒத்திருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று கொள்ளப்படுகிறது என்ற கருத்து அதில் இல்லை. ‘பாவனை’ என்றால் ஈழத்து வாசகருக்குப் பயன்பாடு என்று பொருள். பாவனையாளர் என்பது அங்கே நுகர்வோரைக் குறிப்பது. ‘வேடம்’ வைரசுக்கு ஓர் உள்நோக்கத்தைக் கற்பிக்கிறது.

என் பரிந்துரை ‘மூலக்கூற்றுப் போலி’. ஓரெழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து நின்றும் பொருள் மாறாதிருப்பதை இலக்கணத்தார் போலி என்றனர். அறம் என்பதை அறன் என்று படித்தாலும் நமக்கு ஒன்றே. அமினோ அமில வரிசையில் ஓரிரு இடங்கள் மாறியிருந்தும் எதிர்ப்பொருளுக்கு இரு புரதங்களும் ஒன்றாகவே படுகின்றன. பள்ளியில் கடைப்போலி படித்த எவருக்கும் இது விளங்கும்.

இடையே ஒரு குறிப்பு. தாங்கள் பிறபொருளெதிரி என்று எழுதியிருந்த இடங்களை எதிர்ப்பொருள் என்று மாற்றுமாறு வேண்டுகிறேன். பிறபொருளெதிரி ஈழத்துப் பாடநூல்களில் நிலைபெற்ற நல்ல சொல்தான். ஆனால் தன்னுடலையே தாக்கும் ஒன்றைப் பிறபொருளுக்கு எதிரி என்று எழுதினால், தங்கள் ஆய்வேட்டின் மையக் கருத்தே முரண்பட்டு நிற்கும். நோயைத் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதாமல் விட்டதும் நன்றே. நோய் மூளையையும் பார்வை நரம்பையும் தாக்குகிறது. அன்றியும் மரப்பு உணர்வின்மையைக் குறிக்கும். 1868 இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ கண்டு பெயரிட்டவையோ கெட்டித்துப்போன திட்டுகள்.

---

ஐயா அவர்களுக்கும் குழுமத்தார்க்கும் வணக்கம்.

எதிர்ப்பொருள் குறித்த திருத்தத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். போலியை முழுமையாக ஏற்பதற்கு இரண்டு தடைகள் உள்ளன.

முதலாவது, இச்சுருக்கத்தை நோயாளிகளும் அவர்களது குடும்பத்தாரும் படிப்பார்கள். மருத்துவம் பற்றிய உரைநடையில் போலி என்று கண்டதும் போலி மருந்து, போலி மருத்துவர் ஆகியவையே முதலில் தோன்றும். கடைப்போலி அதற்குப் பின்னரே வரும். இரண்டாவது தடை அறிவியல் சார்ந்தது. இலக்கணப் போலியில் பொருள் சிறிதும் மாறுவதில்லை. இங்கோ, கிளியல்கேம் புரதத்தில் அப்பகுதியிலுள்ள செரின் என்னும் அமினோ அமிலம் ஒன்றோடு பாஸ்பேட் சேர்ந்தால் எதிர்ப்பொருளின் பிணைப்பு மிகவும் வலுக்கிறது. அதாவது ஒப்பு என்பது வரிசையில் மட்டும் அமைந்ததன்று. புரதம் உருவான பின் அதில் நிகழும் மாற்றத்தாலும் கூடிக் குறைவது. ஆகவே அறம், அறன் போல இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட இயலாது.

நல், தொல் என்பன நன்மை, தொன்மை ஆவது போலப் போல் என்பதிலிருந்து போன்மை என்று ஆக்கினால், கூடவும் குறையவும் இடமுள்ள ஒரு பண்பை அது குறிக்கும். எனவே நிகழ்வை ‘மூலக்கூற்றுப் போன்மை’ என்றும், உடற்புரதத்தை ஒத்திருக்கும் வைரசுப் புரதத் துண்டை மட்டும் ‘போலி’ என்றும் ஆள எண்ணியிருக்கிறேன். ஐயாவின் சொல்லும் இவ்வாறு தனக்குரிய இடத்தில் நிற்கும். பாஸ்பேட் சேர்ந்த வடிவத்தைப் பற்றி எழுதும்போது ‘போன்மை மிகுகிறது’ என்று எழுத முடிகிறது. ‘போலி மிகுகிறது’ என்றால் வேறு பொருளாகிவிடுகிறது.

இனி அடுத்த சொல். இவ்வைரசு, முன்பு கண்ட கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவக பி செல்களில் வாழ்நாள் முழுதும் தங்கி, அவ்வப்போது மீண்டும் பெருகத் தொடங்குகிறது. அவ்வாறு தங்கியிருப்பதற்கு உறைநிலை என்று முதல் வரைவில் எழுதினேன். என் நெறியாளர் அதை நீர் பனியாகும் வெப்பநிலை என்று படித்தார். உறங்குநிலை என்றால் வைரசு ஏதும் செய்யாதிருப்பதாகத் தோன்றும், ஆனால் எப்னா-1 அந்நிலையிலும் உருவாகக்கூடியது. ஒரு செய்யுளுக்குள் மற்றொன்று மறைந்திருப்பதைக் கரந்துறைச் செய்யுள் என்பார்களே, அதைக் கொண்டு ‘கரந்துறை நிலை’ என்று எழுதலாமா? பொது வாசகருக்கு அது கடினம் என்று கருதுவோர் மாற்றுச் சொல்லையும் சேர்த்தே எழுத வேண்டுகிறேன்.