3 ஏக்கருக்கு 6,000 ரூபாதான் விழுந்திருக்கு (இலங்கை அரசின் பசளை (உர) மானியம், தம்பலகாமம், திருகோணமலை)

வயற்கரை:
கந்தளாய்க் குளத்துத் தண்ணியில 3 ஏக்கர் வேளாண்மை. 1 ஏக்கர் என்ட பேரில, மற்ற 2 ஏக்கரும் குத்தகை. 2024/25 பெரும்போகத்துக்கு (மாரிக்கால விதைப்பு) ஹெக்டேயருக்கு 25,000 என்று சொன்னாங்க. கணக்கில விழுந்தது 6,000 மட்டும். மிச்சத்தை எங்க கேட்கிறது, வங்கியிலயா, கமநல சேவை நிலையத்திலயா? விதைச்சு 2 கிழமையாகுது, முதலாம் யூரியா எறியிற நாள் வந்துட்டு.

வட்டவிதானை:
தம்பி, வங்கிக்குப் போகாதீங்க. கணக்கில பிழையென்றால் ஒரு சதமும் விழுந்திராது.

அந்த 6,000ஐக் கொஞ்சம் கணக்குப் பாருங்க. 25,000 ஒரேயடியாக வாறதில்ல. முதல் கட்டம் 15,000, பிறகு 10,000. 1 ஏக்கர் ஏறத்தாழ 0.4 ஹெக்டேயர். 15,000ஐ 0.4ஆல் பெருக்கினால் 6,000. ஆக உங்கட சொந்த ஏக்கருக்கு முதல் கட்டம் சரியாக வந்திருக்கு, இன்னும் 4,000 வரவேணும். குத்தகை 2 ஏக்கரும் உங்கட பேரில ஏறவேயில்ல. ஏறியிருந்தால் இப்பவே இன்னும் 12,000 விழுந்திருக்கும்.

மானியம் பூமிக்காரருக்கில்ல, அந்தப் போகம் விதைக்கிறவருக்கு. ஆனா பதிவேட்டில பழைய பேரே கிடக்கும், யாரும் திருத்திறதில்ல. கமநல சேவை நிலையத்தில பட்டியலைக் கேட்டு, வட்டையின் (வயல்வெளியின்) பேர், துண்டின் பரப்பு, செய்கைக்காரர் பேர் மூன்றையும் உங்கட கண்ணால பாருங்க. பூமிக்காரர் பேர் இருந்தால் அவரிட்ட கடிதம் வாங்கி மாற்றலாம். ஒரே துண்டுக்கு அவரும் நீங்களும் படிவம் கொடுத்திருந்தால், யார் செய்கிறதென்று தீர்க்கும் வரைக்கும் அந்தத் துண்டு இழுபடும். கையோட கொண்டுபோக வேண்டியது: அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், குத்தகை ஒப்பந்தம், கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பின் கடிதம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம்: விவசாய ஆராய்ச்சி உற்பத்தி உதவியாளரை (உங்கட பகுதிக்கான கமநல வெளிக்கள அலுவலர்) பயிர் நிற்கிற நேரத்திலயே வரம்புக்குக் கூட்டிட்டுப் போங்க. வெட்டின பிறகு அறுத்த தாளைக் காட்டி யார் விதைச்சதென்று நிரூபிக்க ஏலாது.

அல்லை வாய்க்கால்:
ஒரு சதமும் வராதவங்களுக்கும் சேர்த்துச் சொல்றன். அடையாள அட்டை இலக்கத்தால நிறைய மாட்டுப்படுது. படிவத்தில பழைய 9 இலக்கமும் V எழுத்தும், வங்கியில புதிய 12 இலக்கம் என்றால் ஆள் வேறபோலத் தெரியும். பழையதற்கு முன்னால 19 போட்டு, பழைய இலக்கத்தின் ஐந்தாம் எண்ணுக்குப் பின்னால ஒரு 0 சேர்த்து, V எழுத்தை விட்டால் புதியது வரும். இரண்டும் ஒத்துப்போகுதா என்று பாருங்க. கணக்கிலக்கத்தின் முன்னால இருக்கிற 0ஐ எழுதாமல் விடுறது, கனகாலம் புழங்காமல் செயலிழந்த கணக்கைக் கொடுக்கிறது, இதுகளாலயும் காசு திரும்பிப் போகுது.

வயற்கரை:
நன்றி அண்ணன். பூமிக்காரர் சொல்றார், "மானியம் என்ட பேரிலேயே இருக்கட்டும், குத்தகையில குறைச்சு விடுறன்" என்று. சம்மதிக்கலாமா?

கிண்ணியா நானா:
சம்மதிக்காதீங்க தம்பி. வெள்ளம் அடிச்சு நட்டஈட்டுக்குப் போனாலும் கமநலப் பதிவில யார் பேர் என்றுதான் முதல்ல பார்ப்பாங்க. விதையும் உழைப்பும் உங்கட, காசு அவருக்குப் போயிடும். அதோட ஒருவருக்கு 2 ஹெக்டேயர், ஏறக்குறைய 5 ஏக்கர்தான் உச்சம். அவருக்கு வேற வயல் 5 ஏக்கர் இருந்தால், உங்கட 2 ஏக்கருக்கான காசு அவருக்கும் வராது, உங்களுக்கும் வராது.

அவர் கடிதம் தர மறுத்தால், குத்தகைக் காசு கொடுத்த பற்றுச்சீட்டையும் அமைப்புத் தலைவரின் கடிதத்தையும் வைச்சு எழுத்தில முறைப்பாடு கொடுங்க. நிலையத்தில திகதி முத்திரை குத்தின பிரதியை வாங்காமல் வெளியில வராதீங்க. அங்க அசையாட்டி, அந்தப் பிரதியோட திருகோணமலையில கமநல உதவி ஆணையாளர் அலுவலகத்துக்குப் போகலாம்.