கிளிநொச்சிப் பிள்ளையள் ஆறு பேர், உலக இளையோர் பிரிட்ஜ் போட்டி: எங்க தொடங்கிறது?

இரணைமடு ரீச்சர்

வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில ஞாயிறு பின்னேரங்களில ஆறு பிள்ளையள் பிரிட்ஜ் (நாலு பேர் ரெண்டு சோடியா ஆடுற காட்ஸ் விளையாட்டு) பழகினம். வயது 13 இலிருந்து 17. எல்லாருக்கும் 304 எண்ட ஊர்க் காட்ஸ் விளையாட்டு தண்ணிபட்ட பாடு, அதால துரும்பு, வெட்டு, சோடி எண்டதெல்லாம் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை. போனில பிரிட்ஜ் பேஸ் ஒன்லைனும் விளையாடினம். இப்ப "உலகப் போட்டிக்குப் போகலாமோ ரீச்சர்" எண்டு கேக்கினம்.

வயதுப் பிரிவுகள் என்ன, இலங்கையில இருந்து எந்த வழியால போறது? அங்க மேசையில நடக்கிறது நாங்கள் வீட்டில விளையாடிறதிலயிருந்து எப்பிடி வேறுபடும்? கையில இருக்கிறது ரெண்டு கட்டுக் காட்ஸ், கொஞ்சம் டேட்டா. இதை வைச்சு இப்ப எதைப் பழக்கலாம்? இன்னொண்டு, ரெண்டு வீட்டில "காட்ஸ் எண்டால் சூது" எண்டு முகத்தைச் சுளிக்கினம். அதுக்கும் ஒரு பதில் தந்தால் புண்ணியம்.

நாலாம் கை

ரீச்சர், வயதுப் பிரிவை முதல் சொல்லிறன். உலக பிரிட்ஜ் சம்மேளனத்தின்ர இளையோர் போட்டியில 16 இன் கீழ், 21 இன் கீழ், 26 இன் கீழ் எண்டு பிரிவுகள். 26 இன் கீழ் பெண்களுக்குத் தனிப் பிரிவு. பிறகு 31 இன் கீழ் எண்டும் ஒண்டைச் சேர்த்திருக்கினம். கணக்குப் பாக்கிறது போட்டி நடக்கிற நாளை வைச்சில்லை, அந்த வருச டிசம்பர் 31 ஐ வைச்சு. 16 இன் கீழ் விளையாட வேணுமெண்டால் அண்டைக்கு 15 ஐத் தாண்டியிருக்கக் கூடாது. ஒக்டோபரில 16 ஆகப்போற பிள்ளை ஓகஸ்ட் போட்டிக்கு 15 வயதோட போனாலும் அந்தப் பிரிவில விளையாட ஏலாது. கனபேர் வழுக்கிற இடம் இது. அறிவித்தலில "இந்தத் திகதிக்குப் பிறகு பிறந்தவர்" எண்டு போட்டிருக்கும், அதை மட்டும் பாருங்கோ. பெரியாக்களோட சேர்ந்து மேல் பிரிவில விளையாடத் தடையில்லை.

போட்டி ரெண்டு வகை. ஒண்டு நாட்டு அணிகளுக்கு. 1987 இல அம்ஸ்ரர்டாமில தொடங்கினது, 1995 இல பாலியிலயும் 2006 இல பாங்கொக்கிலயும் நடந்தது, 2018 இல சீனாவில வூஜியாங். இதுக்குத் தங்கட வலயத்தால தெரிவாக வேணும். இலங்கை இருக்கிறது நாலாம் வலயத்தில, ஆசிய-மத்திய கிழக்குச் சம்மேளனம், இந்தியா பாகிஸ்தான் எல்லாம் அதுக்குள்ளதான். மற்ற வகை நாடுகடந்த திறந்த போட்டி. 2017 இல லியோன், 2019 இல குரோஷியாவின்ர ஒபாட்டியா. அதில வேற நாட்டுப் பிள்ளையளோட கலந்தும் அணி கட்டலாம், சோடிப் போட்டியும் இருக்கு. நாட்டு அணிக்கு ஆள் போதாத இடத்துப் பிள்ளையளுக்கு இதுதான் கிட்டின வாசல். எந்த வாசலால போனாலும் தேசிய சம்மேளனம் இல்லாமல் சரிவராது. பிள்ளையளின்ர பெயரை இப்பவே கொழும்புக்கு அறிவிச்சு வையுங்கோ.

அணிக்கு 4 ஆள் காணும், 6 வரை கொண்டுபோகலாம். விளையாடாத கப்டன் ஒருத்தர் கூட வருவார். நீண்ட போட்டிக்கு 6 பேர் எண்டால்தான் மாத்தி மாத்தி இருத்தலாம். உங்களிட்ட இருக்கிற ஆறு பேரை மூண்டு சோடியாக்கிப் போட்டு இனிச் சோடியைக் கலைக்காதேங்கோ. நல்ல ஆட்டக்காரர் ரெண்டு பேரைப் புதுசா ஒட்டினால் வாறது நல்ல சோடியில்லை.

சூது எண்ட கதைக்கு: இந்தப் போட்டியளில பந்தயக் காசு ஒரு சதமும் இல்லை. சர்வதேச ஒலிம்பிக் குழு 1999 இல பிரிட்ஜ் சம்மேளனத்தை அங்கீகரிச்சிட்டுது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில பிரிட்ஜுக்குப் பதக்கமே குடுத்தவை, ஆண்கள் சோடித் தங்கம் இந்தியாவுக்கு. அதைவிட ஒரே மாதிரிப் பிரிச்ச காட்ஸை ரெண்டு மேசையிலயும் விளையாடுறதால "நல்ல காட்ஸ் வந்தது" எண்ட அதிட்டம் அடிபட்டுப் போகுது. அந்த அப்பா அம்மாவை ஒரு ஞாயிறு கூப்பிட்டு ரெண்டாவது மேசை முடிவை ஒப்பிடேக்க பக்கத்தில இருத்துங்கோ.

துரும்பில்லை

மேசையைப் பற்றி நான் எழுதிறன்.

முதல் வித்தியாசம், கேள்வியை, அதாவது எத்தினை பிடி எடுப்பம், எது துரும்பு எண்ட ஏலத்தை, வாயால கேக்கிறதில்லை. ஆளாளுக்கு ஒரு பெட்டி, அதுக்குள்ள 1 கிளப்பில இருந்து 7 நோட்ரம்ப் (துரும்பில்லாத ஆட்டம்) வரை 35 அட்டை. பாஸ் பச்சை, டபிள் சிவப்பு, ரீடபிள் நீலம். பெட்டியில விரலை வைக்க முதலே முடிவெடுத்திருக்க வேணும். ஒரு அட்டையைத் தொட்டுப் போட்டு விட்டிட்டு வேறயொண்டை எடுத்தால் அதுவே சோடிக்கு ஒரு சேதி.

ரெண்டாவது, மேசைக்குக் குறுக்கால மூலைக்கு மூலை ஒரு திரை. வடக்கும் கிழக்கும் ஒரு பக்கம், தெற்கும் மேற்கும் மற்றப் பக்கம். தன்ர சோடியின்ர முகம் தெரியாது. கேள்வி அட்டையள் ஒரு தட்டில, தட்டு திரைக்குக் கீழால போய் வரும். விசேட கருத்துள்ள கேள்வியைத் தான் கேட்டாலும் சோடி கேட்டாலும் தன்ர பக்கத்தில இருக்கிற எதிராளிக்கு அலேர்ட் காட்டி, அவர் கேட்டால் விளக்கத்தைக் கடதாசியில எழுதிக் குடுக்கிறது. இதுக்கு ஆங்கிலம் ஒரு இருபது சொல் காணும்: நச்சுரல், ஃபோர்சிங், இன்வைற், ட்ரான்ஸ்ஃபர், வீக் மாதிரி. இப்பவே எழுதிப் பழக்குங்கோ.

மூண்டாவதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லோணும். 304 இல கண்ணைக் காட்டுறது, தொண்டையைச் செருமுறது, காட்ஸை ஓங்கி அடிக்கிறது எல்லாம் ஊரில பகிடி. பிரிட்ஜில அது கள்ளம். சோடி யோசிச்சு யோசிச்சுப் பாஸ் சொன்னால் அந்தத் தயக்கத்தில இருந்து நீங்கள் ஒரு ஆதாயமும் எடுக்கக் கூடாது, எடுத்தால் நடுவர் முடிவை மாத்துவார். எல்லாக் காட்ஸையும் ஒரே வேகத்தில, ஒரே மாதிரி இறக்கப் பழக்குங்கோ.

புள்ளிக்கு வருவம். ஒரே போர்ட்டை (நாலு பேருக்கும் முதலே பிரிச்சு வைச்ச காட்ஸை) உங்கட ஒரு சோடி ஒரு மேசையில வடக்கு-தெற்காவும், மற்றச் சோடி மற்ற மேசையில கிழக்கு-மேற்காவும் விளையாடும். ரெண்டு மேசைப் புள்ளி வித்தியாசத்தை ஒரு அட்டவணைப்படி இம்ப் எண்ட சின்ன அலகாக்கி, இம்ப் கூட்டுத்தொகையை 20 இல வெற்றிப் புள்ளியாக்கிறது. சமன் எண்டால் 10-10. லீக்கில ஒரு ஆட்டம் பெரும்பாலும் 14 போர்ட். போர்ட்டுக்கு 8 நிமிசம் எண்டு கணக்கு வைச்சுப் பழகுங்கோ, பிந்தினால் தண்டம். பிள்ளையள் நேரத்தைத் தொலைக்கிறது விளையாட்டில இல்லை, முடிஞ்ச போர்ட்டைப் பற்றி வாயடிக்கிறதில.

இம்ப் கணக்குத் தெரிஞ்சால் எப்ப துணியிறது எண்டு தானாத் தெரியும். வல்னரபிளில (பரிசும் தண்டமும் கூடின நிலையில) 4 ஸ்பேட் கேட்டுப் பத்துப் பிடி எடுத்தால் 620. மற்ற மேசை 2 ஸ்பேட்டில நிண்டு அதே பத்து எடுத்தால் 170. வித்தியாசம் 450, 10 இம்ப். ஒன்பது பிடிதான் வந்தால் உங்களுக்கு -100, அவைக்கு 140. வித்தியாசம் 240, 6 இம்ப் நட்டம். 10 வெல்லவோ 6 தோக்கவோ எண்டால் 37.5 வீதச் சந்தர்ப்பமே காணும். வல்னரபிள் இல்லாட்டி வெல்லுறது 6, தோக்கிறது 5, அப்ப 45 வீதம் வேணும். இந்த ரெண்டு வீதத்தையும் சுவரில ஒட்டி விடுங்கோ.

பாலை மரத்தடி

ரீச்சர், மேல சொன்னதெல்லாம் சரி, ஆனால் 304 தெரிஞ்ச பிள்ளையள் எண்டபடியால் ஒரு எச்சரிக்கை. 304 பாதி உதவி, பாதி உபத்திரவம். ஜாக்கும் 9 உம் பெரிசு, 10 ராசாவை வெட்டும் எண்ட பழக்கம் ரெண்டு மூண்டு கிழமையில போயிடும். போகாதது துரும்பைப் பொத்தி வைச்சிருக்கிற குணம். 304 இல துரும்பு கவிண்டு கிடக்கும், வெட்டத்தான் வைச்சிருக்கிறது. பிரிட்ஜில கொன்ட்ராக்ட் (ஏலத்தில வெண்ட கடைசிக் கேள்வி) எடுத்தவர் பெரும்பாலும் முதல் எதிராளியின்ர துரும்பை உருவி எடுக்க வேணும்.

இந்தக் கையை மேசையில போடுங்கோ. கொன்ட்ராக்ட் 4 ஸ்பேட், ஆடுறது தெற்கு.

வடக்கு: ஸ்பேட் கே 7 4, ஹார்ட் ஏ கே கியூ 5, டயமன்ட் 8 6 3, கிளப் ஏ 7 6
தெற்கு: ஸ்பேட் ஏ கியூ ஜே 9 6, ஹார்ட் 8 3, டயமன்ட் ஏ 7 4, கிளப் 8 5 2

மேற்கு டயமன்ட் ராசாவை லீட் பண்ணுது, ஏஸால எடுத்தாச்சு. இப்ப எண்ணச் சொல்லுங்கோ: ஸ்பேட் 5, ஹார்ட் 3, டயமன்ட் 1, கிளப் 1. பத்து இருக்கு. செய்ய வேண்டியது துரும்பை உருவிறது மட்டும். 304 பிள்ளை என்ன செய்யும்? தோக்கிற காட்ஸைக் கழிக்கிற அவதியில உடன ஹார்ட் ஏ, கே, கியூ எண்டு இழுக்கும். எதிராளியளிட்ட ஏழு ஹார்ட். அது 4-3 எண்டு பிரியிறது 62 வீதம்தான். மிச்ச 38 வீதத்தில பெரும்பாலும் மூண்டாவது ஹார்ட்டை ஒருத்தன் சின்னத் துரும்பால வெட்டுவான், பத்து ஒன்பதாகும். வல்னரபிள் எண்டால் 620 க்குப் பதில் -100. மற்ற மேசையில துரும்பை உருவி எடுத்திருந்தால் வித்தியாசம் 720, ஒரே போர்ட்டில 12 இம்ப்.

அதாலதான் ஒரு விதி: டம்மி (ஆடுறவற்ர சோடி மேசையில விரிக்கிற கை) விரிஞ்ச உடன முதல் காட்டைத் தொடாமல் அரை நிமிசம் பிடி எண்ணிறது. கையைத் தொடையில வைச்சிருக்கச் சொல்லுங்கோ. டம்மியில அந்த இனத்தில ஒரே ஒரு காட் இருந்தாலும் எண்ணிப் போட்டுத்தான்.

கேள்வி முறைக்கு மேயர் (ஸ்பேட், ஹார்ட்) அஞ்சு காட், ஒரு நோட்ரம்ப் 15-17 புள்ளி, பிறகு ஸ்ரேமன், ட்ரான்ஸ்ஃபர், வீக் ரூ, பிளாக்வூட் எண்ட கொன்வென்ஷனுகள் (தனிக் கருத்துள்ள கேள்வியள்). இதோட நிப்பாட்டுங்கோ. நெற்றில பாத்து ஆளுக்கொரு கொன்வென்ஷன் கொண்டு வருவினம், விடாதேங்கோ. ஒவ்வொரு சோடியும் தங்கட முறையைத் தாங்களே கொன்வென்ஷன் அட்டையில எழுத வேணும். எழுதேக்கதான் "ட்ரான்ஸ்ஃபருக்கு மேல எதிராளி டபிள் சொன்னால் பாஸின்ர கருத்தென்ன" எண்டு ரெண்டு பேரும் வேற வேறயா நினைச்சது வெளிக்கும்.

நாலாம் கை

பாலை மரத்தடியோட ஒத்துப் போறன், ஒண்டைத் தவிர. 17 வயதுப் பிள்ளைக்கு பிளாக்வூட்டில (ஏஸ் எத்தினை எண்டு கேக்கிற கேள்வியில) துரும்பு ராசாவையும் சேர்த்து எண்ணிற கீ-காட் முறையையே தொடக்கத்தில இருந்து குடுக்கலாம், பிறகு மாத்திறதுதான் கரைச்சல்.

போர்ட் வாங்கத் தேவையில்லை. ஒரு போர்ட்டுக்கு நாலு நீள உறை, ஒரு மட்டை. உறையளை மட்டையில நாலு பக்கமும் வாய் வெளியால பாக்க ஒட்டி வ, கி, தெ, மே எண்டு எழுதுங்கோ. டீலரையும் வல்னரபிளையும் மட்டையிலயே எழுதி விடுங்கோ. எட்டுப் போர்ட்டுக்கு எட்டுக் கட்டு வேணும். 57 மில்லிமீற்றர் அகல பிரிட்ஜ் கட்டு கிடைச்சால் நல்லது, 63 மில்லிமீற்றர் கட்டு சின்னக் கையில 13 காட் பிடிக்கேக்க வழுக்கும். இறக்கின காட்டை நடுவில எறியிறேல்லை. தனக்கு முன்னால கவிட்டு வைக்கிறது, வெண்ட பிடி எண்டால் நெடுக்காலை, தோத்தது எண்டால் குறுக்காலை. முடிய 13 ஐ எண்ணி அதே உறைக்குள்ள. ஒரு காட் மாறி மற்ற உறைக்குள்ள போனால் ரெண்டாம் மேசையில அந்தப் போர்ட் செத்துப் போச்சு.

ரெண்டு மேசைக்கு எட்டுப் பேர் வேணும். ஆறு பிள்ளையளோட நீங்களும் இன்னொராளும் இருக்கலாம். இல்லாட்டி நாலு பேரை இருத்தி, மற்ற ரெண்டு பேரும் நடுவர் வேலையும் புள்ளி எழுதிறதும் பழகட்டும்.

பாஸ்போட் கதையையும் இப்பவே தொடங்குங்கோ. வவுனியாவிலயே பிராந்திய அலுவலகம் இருக்கு. பிழைக்கிறது பெயரில: பிறப்புப் பத்திர மொழிபெயர்ப்பில ஒரு எழுத்துக்கூட்டல், பள்ளிக்கூடப் பதிவில இன்னொண்டு. முதல் அதைச் சரிபாத்துப் போட்டு, பாஸ்போட்டில வாற அதே எழுத்தைப் போட்டிப் பதிவுக்கும் குடுங்கோ.

இரணைமடு ரீச்சர்

எல்லாருக்கும் நன்றி. மட்டை வெட்டியாச்சு. வல்னரபிளை இப்பிடி எழுதியிருக்கு, சரியோ? 1 ஒருத்தருமில்லை, 2 வ-தெ, 3 கி-மே, 4 எல்லாரும், 5 ஒருத்தருமில்லை, 6 வ-தெ, 7 கி-மே, 8 எல்லாரும். டீலர் வ, கி, தெ, மே எண்டு சுத்தி வருது.

துரும்பில்லை

டீலர் சரி. வல்னரபிள் 5 இலிருந்து பிழை. நாலு நாலாத் திரும்பிறேல்லை, ஒவ்வொரு நாலுக்கும் ஒரு படி தள்ளித் தொடங்கும். 5 வ-தெ, 6 கி-மே, 7 எல்லாரும், 8 ஒருத்தருமில்லை. பிறகு 9 கி-மே, 10 எல்லாரும், 11 ஒருத்தருமில்லை, 12 வ-தெ. 13 எல்லாரும், 14 ஒருத்தருமில்லை, 15 வ-தெ, 16 கி-மே. 17 க்குத் திரும்ப 1 இன் மாதிரி. நீங்கள் எழுதின மாதிரி விட்டால் வடக்கு டீல் பண்ணிற போர்ட் எல்லாத்திலயும் ஒருத்தருமே வல்னரபிள் ஆக மாட்டினம். 5, 6, 7, 8 மட்டையளில மேல ஒரு துண்டை ஒட்டி மாத்துங்கோ, வெட்டிக் கீறாதேங்கோ. பிள்ளையள் கீறினதைத்தான் முதல் வாசிப்பினம்.