பொழுதுகோடு: நிலாவில் பகலும் இரவும் தொடும் இடத்துக்கு ஒரு சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் கேட்ட கேள்விக்கு இத்தனை பேர் பதில் எழுதியதற்கு நன்றி. இந்த இழைக்குப் புதிதாக வருபவர்களுக்காகக் கேள்வியை மறுபடி சொல்லிவிடுகிறேன். அரை நிலாவைப் பார்த்தால் வெளிச்சப் பாதிக்கும் இருட்டுப் பாதிக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். ஆங்கிலத்தில் டெர்மினேட்டர். நிலாவுக்கு மட்டுமல்ல, பூமிக்கும் வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் அது உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அதை என்ன பெயர் சொல்லிக் காட்டுவது?

நான் வேலை பார்ப்பது கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம், ஒரு தமிழ்வழிப் பள்ளியில். பாடநூல் கேரள அரசுடையது. பிள்ளைகளுக்கு வீட்டில் கொங்குத் தமிழ், கடைத்தெருவில் மலையாளம். ஒரு கலைச்சொல் கேட்டவுடன் பிடிபடவில்லை என்றால், பக்கத்தில் கிடக்கும் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தமிழில் யோசித்துக்கொண்டு வந்த பிள்ளை சரியாக அந்த இடத்தில் தமிழை விட்டுவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. ஒரு கோட்டுக்கு இவ்வளவு மெனக்கெடுவது அதனால்தான்.

இனி நீங்கள் தந்த சொற்கள்.

> "முடிவுக்கோடு என்று வைக்கலாம். மூலச்சொல்லுக்கு நெருக்கம்."

மூலச்சொல்லுக்கு நெருக்கம் என்பதே எனக்குச் சந்தேகம். லத்தீனில் டெர்மினஸ் என்பது எல்லைக்கல். முடிவு என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. நிலாவில் அந்தக் கோட்டோடு எதுவும் முடிவதும் இல்லை, அதற்கு அப்பாலும் தரைதான். பிள்ளைகளிடம் முடிவு என்று சொன்னால் நிலாவே அங்கே முடிகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். பிறை என்றால் நிலாவில் ஒரு துண்டு குறைந்திருக்கிறது என்ற எண்ணம் அவர்களிடம் ஏற்கெனவே ஆழமாக இருக்கிறது. அதைக் கிளறி எடுப்பதற்குத்தான் பாதி பாடவேளை போகிறது.

> "ஒளிவிளிம்பு அழகாக இருக்கிறது."

அழகுதான். ஆனால் விளிம்பு வேண்டிய இடம் வேறு. நிலா வட்டத்தின் வெளி ஓரத்தை விளிம்பு என்று சொல்லி வருகிறோம். பிறையின் ஒரு பக்கம் விளிம்பு, மறுபக்கம் நாம் பெயர் தேடும் கோடு. இரண்டுக்கும் ஒரே சொல் வந்தால் படம் வரையச் சொல்லும்போது மாட்டிக்கொள்வோம்.

ஒளியெல்லை என்று இருவர் எழுதியிருந்தீர்கள். லத்தீன் வேருக்கு மிகவும் பக்கம், பொருளும் சரி. வகுப்பில் சொல்லியும் பார்த்தேன். எங்கள் பிள்ளைகளுக்கு எல்லை என்றால் வேலந்தாவளம் செக்போஸ்ட், கோபாலபுரம் செக்போஸ்ட். அது நின்ற இடத்தில் நிற்கும். நாம் தேடும் கோட்டின் முதல் குணமே நகர்வது. நிலாவின் நடுக்கோட்டில் (நம் பூமத்திய ரேகை மாதிரி) அது மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் நகர்கிறது, சைக்கிளில் கூடவே போய்விடலாம். பூமியின் நடுக்கோட்டிலோ மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர். அந்த ஓட்டம் எல்லை என்ற சொல்லில் இல்லை.

இராப்பகல் கோடு என்பதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பிள்ளைகள் யாரும் அதை வாயில் எடுக்கவில்லை.

அந்திக்கோடு என்று பொள்ளாச்சித் தமிழாசிரியர் ஐயா எழுதியிருந்தார். உண்மையைச் சொன்னால், படித்ததும் இதுதான் என்று முடிவே செய்துவிட்டேன். சின்ன சொல், மலையாளத்திலும் அந்தி உண்டு, கூட வேலை செய்யும் மலையாள ஆசிரியர்களுக்கும் உடனே புரிந்தது. தடை இரண்டு. ஒன்றை ஐயாவே சொல்லிவிட்டார்: அந்தி என்றால் இன்று மாலை மட்டுமே. "அந்தியும் சந்தியும்" என்று சேர்த்துச் சொல்லும்போதுதான் காலையும் உள்ளே வருகிறது. வளர்பிறையில் நாம் பார்க்கும் கோடு, நிலாவில் சூரியன் உதித்துக்கொண்டிருக்கும் இடம். அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை நமக்குத் தெரிவது விடியல்தான். பிள்ளைகள் அதிகம் பார்ப்பதும் வளர்பிறையைத்தான், ஏனென்றால் அதுதான் மாலையில் வானத்தில் இருக்கிறது. விடியலைக் காட்டி அந்தி என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது தடை இதைவிடப் பெரியது. அந்தி என்று நாம் சொல்வது சூரியன் மறைந்த பிறகும் மிச்சம் இருக்கும் அந்த மங்கல் வெளிச்சம். அது காற்று தரும் வெளிச்சம். பூமியைச் சுற்றிக் காற்று இருப்பதால்தான் பகல் மெல்லக் கரைந்து இரவாகிறது. நிலாவில் பேர் சொல்லும்படி காற்று இல்லை, அதனால் அந்தியும் இல்லை. விண்வெளியிலிருந்து பூமியைப் பார்த்தால் அந்தக் கோடு ஒரு மங்கலான பட்டையாகத் தெரியும், நிலாவில் கத்தியால் கீறியது போல் இருக்கும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அப்போது "அந்திக்கோட்டில் அந்தி கிடையாது" என்று சொல்ல நேரும். மனசில்லாமல்தான் அந்தச் சொல்லை விட்டேன்.

அப்புறம் போன வெள்ளிக்கிழமை நடந்தது இது.

அரை நிலா நாள். பள்ளி மைதானத்தில் 70 மில்லிமீட்டர் தொலைநோக்கியை வைத்தோம். தை மாதத்துப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது, குழாய் ஆடியது. முக்காலியின் நடுவில் ஒரு மணல் பையைக் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் படம் நின்றது. ஆறரை மணிக்கு நிலா ஏறக்குறைய தலைக்கு மேல். வரிசையில் எட்டாவதோ ஒன்பதாவதோ வந்த ஒரு பெண், கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "டீச்சர், கோட்டுக்கு அந்தப் பக்கம் இருட்டுக்குள்ள ஒரு பொட்டு மின்னுதுங்க."

என்னவாக இருக்கும் என்று கேட்டேன். அவள் அப்பா பனையேறுகிறவர். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "மலையா இருக்கும்ங்க. பொழுது கெளம்பறப்ப பனங்கொண்டையிலதான மொதல்ல பொழுது படும். அடிமரத்துல அப்புறந்தான படும். அது மாதிரிங்க."

அதற்கு மேல் நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. கலிலியோ தன் தொலைநோக்கியில் பார்த்து 1610இல் வெளியிட்டதும் இதைத்தான். இருட்டுப் பக்கத்தில் தனியாக மின்னும் புள்ளிகள் நேரம் ஆக ஆகப் பெரிதாகி வெளிச்சப் பக்கத்தோடு சேர்ந்துகொண்டதைக் கவனித்து, அவை மலை உச்சிகள் என்று சொன்னார், உயரத்தையும் கணக்கிட்டார். எட்டரை மணிக்கு மறுபடி பார்த்தோம். பொட்டு கொஞ்சம் பருத்து, கோட்டை நெருங்கியிருந்தது. அடுத்த நாள் கரும்பலகையில் கணக்குப் போட்டோம். நிலாவின் ஆரம் 1,737 கிலோமீட்டர். கோட்டிலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளி ஒரு சிகரம் மின்னுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டில் தரையைத் தொட்டு நேராகப் போகும் வெயில்தான் அதன் உச்சியில் படுகிறது. பிதாகரஸ் தேற்றம் போதும், உயரம் கிட்டத்தட்ட 2.9 கிலோமீட்டர் என்று வருகிறது. கணக்குப் பாடத்தில் வாய் திறக்காத இரண்டு பையன்கள் அன்றைக்கு எழுந்து வந்து போட்டார்கள்.

நான் சொல்ல வந்தது அந்தப் பெண்ணின் சொல்லைப் பற்றி. எங்கள் ஊர்ப்பக்கம் பொழுது என்பது நேரம் மட்டுமல்ல, சூரியனே பொழுதுதான். பொழுது கிளம்பிருச்சு, பொழுது உச்சிக்கு வந்துருச்சு, பொழுது சாஞ்சிருச்சு. "பொழுதோட வாங்க" என்றால் சாயங்காலம் வாங்க. விடிவதும் பொழுதுதான், சாய்வதும் பொழுதுதான், காலை மாலை இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும். மலையாளத்தில் விடிந்துவிட்டது என்பதை நேரம் வெளுத்தது என்கிறார்கள். நேரத்தைச் சொல்லும் சொல்லையே வெளிச்சத்துக்கு வைக்கும் பழக்கம் இரண்டு மொழிக்கும் பொது என்பதால், கணவாய்க்கு இந்தப் பக்கமும் இது அந்நியமாகப் படாது.

அதனால் என் முன்மொழிவு: பொழுதுகோடு.

ஒற்று மிகுமா என்று கேட்பீர்கள், ஐயா கட்டாயம் கேட்பார். பொழுது என்பது உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். நெடில்தொடர், உயிர்த்தொடர் இரண்டின் பின்னும் வேற்றுமையிலும் வல்லினம் மிகாது. ஆகவே பொழுதுக்கோடு அல்ல, பொழுதுகோடு.

"அது கோடே இல்லை, கோளத்தைச் சுற்றி ஓடும் வட்டம். பிறையில் வளைந்து தெரிகிறது. வட்டம் என்றே வைக்க வேண்டாமா?" என்று பெங்களூரிலிருந்து எழுதியவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் தமிழில் கோடு என்றால் நேர்கோடு மட்டும்தான் என்று யார் சொன்னது? கோடுதல் என்றால் வளைதல். வளையாத செங்கோலைக் கோடாத செங்கோல் என்கிறோம். கோடு என்றால் கொம்பு, மலையுச்சியும் கோடுதான், திருச்செங்கோடு என்ற பெயரே அப்படி வந்தது. பிறையின் இரண்டு கொம்புகளுக்கு நடுவே வளைந்து ஓடி, மலையுச்சிகள் மின்னி நிற்கும் ஓர் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

பிறை வரைவதைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். பிள்ளைகள் பிறையை வரைந்தால் தோசையைக் கடித்தது போல் வரைகிறார்கள், கொம்பு இரண்டும் ஒன்றையொன்று தொடப் போகிறது. உண்மையில் கொம்பு நுனிகள் எப்போதும் ஒரு விட்டத்தின் இரு முனைகளில்தான் இருக்கும். "முதலில் முழு வட்டம் போடு, விட்டத்தைப் போடு, அதன் இரண்டு முனையிலிருந்தும் பொழுதுகோட்டை வளைத்துப் போடு" என்று சொன்னேன். முப்பத்தோரு நோட்டில் இருபத்தாறில் பிறை சரியாக வந்தது. பெயர் இல்லாதபோது இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லவே முடியவில்லை.

இனி ஒரு விஷயம் பாக்கி. உதிக்கும் பக்கத்தையும் மறையும் பக்கத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டி வரும். உதிக்கும் பக்கத்துக்கு விடிகோடு. விடிவெள்ளி, விடிவிளக்கு மாதிரி வினைத்தொகை, யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். சொல்லிப் பாருங்கள்: 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கிய இடம் நிலாவின் தென்துருவப் பக்கம், தெற்கு அட்சரேகை ஏறத்தாழ 69 பாகையில். விடிகோடு அந்த இடத்தைக் கடக்கும் சமயம் பார்த்து இறக்கினார்கள், அப்போதுதான் சூரிய மின்பலகைக்குப் பதினான்கு நாள் வெயில் கிடைக்கும். வாக்கியம் இடறாமல் போகிறது அல்லவா?

மறையும் பக்கத்துக்குத்தான் நிற்கிறேன். சாய்கோடு என்று முதலில் எழுதினேன், கணக்குப் பாடத்தில் அதற்கு வேறு பொருள் இருப்பதால் அடித்துவிட்டேன். மறைகோடு எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் நிலா ஒரு விண்மீனை மறைப்பதை மறைப்பு என்று சொல்லிவருகிறோம், குழம்புமோ என்று பயம். இருள்கோடு என்று சிங்கப்பூரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். இருளுகிற கோடு என்று வினைத்தொகையாக எடுத்துக்கொண்டால் இருட்கோடு என்று திரியாது, வாய்க்கும் எளிது. தமிழாசிரியர் ஐயா இதைப் பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

தேய்பிறை அட்டமிக்கு விடியற்காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வருவதாகப் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் பதில் வந்தால் அந்தப் பெயரையே சொல்லிக் காட்டுவேன். பொழுதுகோடு என்ற சொல் நோட்டில் ஏற்கெனவே ஏறிவிட்டது, அதை இனி நானே நினைத்தாலும் அழிக்க முடியாது.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து