ஸ்பைடர் உள்ளிருந்து கருகுவது ஏன்? அலைன்மென்ட்டா, முறுக்கு அதிர்வா?

தண்டோட்டி:
1480 ஆர்பிஎம் மோட்டாரை இரட்டைச் சிலிண்டர் பிஸ்டன் கம்ப்ரசருடன் இணைக்கும் கப்ளிங்கில், இரு தண்டுகளின் ஹப்களிலுள்ள (தண்டு முனையில் பொருந்தும் உலோகப் பகுதி) பற்களுக்கிடையே மெத்தைபோல் அமரும், ஆறு கால்களுள்ள நைட்ரைல் (செயற்கை ரப்பர்) ஸ்பைடர் அடிக்கடி உடைந்தது. அதைவிடக் கடினமான பாலியூரித்தேனுக்கு மாற்றிய பிறகு இன்னும் விரைவாகப் போகிறது. டயல் இண்டிகேட்டர் என்ற அளவுக்கருவியில் பார்த்த அலைன்மென்ட் (இரு தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் அமைவது) அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது. கழற்றிய ஸ்பைடரின் மேற்பரப்பு பளபளப்பாகவே இருக்க, வெட்டிப் பார்த்தால் கால்களின் நடுப்பகுதி உருகிக் கருகியிருக்கிறது.

அளவுகோல்:
இயந்திரம் குளிர்ந்திருந்தபோது அளந்திருப்பீர்கள். தண்டின் மையம் அடித்தளத்திலிருந்து 500 மி.மீ. உயரத்தில் இருந்து, கம்ப்ரசரின் உடல் 40 டிகிரி சூடேறினால், அந்த மையம் 0.2 மி.மீ.க்கு மேல் உயர்ந்துவிடும். ஓட்டத்தில் உள்ள அலைன்மென்ட்டைப் பார்க்காமல் ரப்பரைக் குறை சொல்வதில் பொருளில்லை.

முறுக்குநாதன்:
அளவுகோல் அவர்களின் கணக்கு சரி. ஆனால் தடயம் அதற்குப் பொருந்தவில்லை. அலைன்மென்ட் பிழையில் கால்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஹப்பின் பற்களோடு உரசுவதால், பக்கங்கள் தேய்ந்து கப்ளிங்குக்கு அடியில் ரப்பர் தூள் கொட்டிக் கிடக்கும். இங்கே மேற்பரப்பு நன்றாக இருக்க உட்பகுதி கருகுகிறது. ரப்பர் அழுந்தி மீளும் ஒவ்வொரு முறையும் ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாக மாறுகிறது. வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள் என்பதால் அது நடுவிலேயே தேங்குகிறது. இரு சிலிண்டர்களும் மாறி மாறி அழுத்தினால் நொடிக்கு ஏறத்தாழ 49 உதைகள் விழும்.

கடினமான ஸ்பைடர் வலுவானது என்ற நம்பிக்கைதான் இதில் பெருந்தவறு. முறுக்கு விறைப்பு (முறுக்கலை எதிர்க்கும் தன்மை) நான்கு மடங்கானால், கப்ளிங்கைப் பொறுத்த இயல் அதிர்வெண் (அமைப்பு தன்னியல்பாக நொடிக்கு எத்தனை முறை அதிரும் என்பது) இரு மடங்காகும். முன்பு அந்த 49-க்குக் கீழே இருந்த இயல் அதிர்வெண்ணை, நீங்கள் செய்த மாற்றம் அதன் அருகிலேயே கொண்டுபோய் நிறுத்தியிருக்கலாம்; இரண்டும் நெருங்கினால் அதிர்வு பெருகும்.

அளவுகோல்:
அலைன்மென்ட் பிழையும் ரப்பரைச் சுற்றுக்கொரு முறை அழுத்தத்தானே செய்கிறது? அதிலும் வெப்பம் பிறக்கும். உட்கருகலை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

முறுக்குநாதன்:
பிறக்கும், ஆனால் அந்த அளவுக்குப் பிழை இருந்தால் பக்கங்களும் தேயாமல் தப்பாது. இன்னொரு சோதனையும் உண்டு. ஒரே திசையில் சீராகச் சுமை வந்தால் ஆறில் மூன்று கால்கள் மட்டுமே சுமக்கும். ஆறும் நசுங்கியிருந்தால் முறுக்குவிசை திசை மாறி மாறி அடிக்கிறது என்று பொருள்.

வேதிப்பொறி:
பொருளின் இயல்பையும் மறக்க வேண்டாம். எஸ்டர் வகைப் பாலியூரித்தேன் வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் நீராற்பகுப்பால் (நீர் அதன் வேதிப் பிணைப்புகளை உடைப்பதால்) சிதைந்து, விரலால் அழுத்தினாலே பிசுபிசுத்து உதிரும். ஈதர் வகை அதைத் தாங்கும். நைட்ரைல் எண்ணெயைத் தாங்கினாலும் ஓசோனில் வெடிப்பு விடும். ஆனால் இவை பெரும்பாலும் மேற்பரப்பிலிருந்து தொடங்கும் சிதைவுகள் என்பதால், இந்த வழக்கில் இரண்டாம் நிலைச் சந்தேகங்களே.

தண்டோட்டி:
இப்போதுதான் பார்த்தேன்: ஆறு கால்களும் நசுங்கியிருக்கின்றன, தூள் இல்லை. மென்மையான ஸ்பைடரோடு, முறுக்கு அதிர்வுக் கணக்கையும் தயாரிப்பாளரிடம் கேட்கிறேன்.

அளவுகோல்:
கேளுங்கள். ஆனால் புதியதைப் பொருத்திய பின், இயந்திரம் சூடாக இருக்கும்போதே ஒருமுறை அளந்து, அந்த எண்ணையும் இங்கே இடுங்கள். அதுவரை என் சந்தேகத்தை விலக்கிக்கொள்ள மாட்டேன்.