வயது கடந்து போலீஸ் வேலைக்கு விண்ணப்பித்தவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வைகைக்கரை:

என் 35ஆவது வயதில் தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு விண்ணப்பித்தேன். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மகள் நடுநிலைப் பள்ளியில் படித்தாள். நான் ஜவுளிக்கடையில் சேல்ஸில் இருந்தேன். பொதுப்பிரிவுக்கு 26, பிற்படுத்தப்பட்டோருக்கு 28, பட்டியல் சாதியினருக்கு 31 என்று வயது வரம்பைப் பார்த்ததுமே பலர் அறிவிப்பை மூடி வைத்துவிடுகிறார்கள். ஆதரவற்ற விதவைகளுக்கு 37 வயது வரை உண்டு. பெண்களுக்கான இடங்களில் 3 சதவீதம் அவர்களுக்கென்றே ஒதுக்கப்படுகிறது. பத்தாம் வகுப்பு முடித்திருந்தால் போதும். எங்கள் ஊர்ப் பக்கம் இது தெரியாமலே வயதைக் கடந்துவிட்ட பெண்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சான்றிதழ். கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ கையெழுத்திட்ட ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் வேண்டும். கணவரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வருமானச் சான்று எல்லாம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரித்து, அப்புறம் தாலுகா ஆபீஸ், அதற்கும் மேலே என்று ஃபைல் நகரும். அறிவிப்பு வந்த பிறகு இதற்கு அலைந்தால் கடைசித் தேதி போய்விடும். தேர்வு எழுதும் எண்ணம் வந்த அன்றே மனு கொடுத்துவிடுங்கள்.

வயதில்தான் சலுகை, கிரவுண்டில், அதாவது உடல்தகுதித் தேர்வில் கிடையாது. 19 வயதுப் பிள்ளைக்கு என்ன அளவோ அதேதான் எனக்கும். உயரம் 159 செ.மீ., பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 157. 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓடி முடிக்காவிட்டால் அன்றைக்கே வீட்டுக்கு. அது தாண்டினால் நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் அல்லது கிரிக்கெட் பந்து எறிதல், 100 மீட்டர் அல்லது 200 மீட்டர் ஓட்டம். ஒவ்வொன்றிலும் எவ்வளவு நன்றாகச் செய்தோம் என்பதைப் பொறுத்து ஒரு ஸ்டார், இரண்டு ஸ்டார் என்று இருக்கும். நீளம் தாண்டுதலில் 3 மீட்டருக்கு ஒரு ஸ்டார், 3.75க்கு இரண்டு. பந்து 17 மீட்டர் போனால் ஒன்று, 24 போனால் இரண்டு.

வயது ஏறிய பெண்களுக்கு என் யோசனை: குண்டைவிடப் பந்தைத் தேர்ந்தெடுங்கள். குண்டு 4 கிலோ, பழக்கமில்லாத தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டால் மற்ற எதையும் செய்ய விடாது. பந்து எறிய உத்திதான் முக்கியம், அதைப் பழகிவிடலாம். நாள் முழுக்க நின்று வேலை பார்த்ததில் எனக்குக் குதிகால் வலி. எடுத்த எடுப்பில் ஓட வேண்டாம், முதலில் வேகமாக நடங்கள் என்று சொல்லிக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு பி.டி. வாத்தியார். மைதானத்தில் விடியும் முன் நான் ஓடுவதைப் பார்த்து அவராகவே வந்து பேசினார், ஒரு ரூபாய் வாங்கவில்லை. அந்த மனுஷன் இல்லாவிட்டால் நான் காலை உடைத்துக்கொண்டிருப்பேன்.

எழுத்துத் தேர்வு பயப்படும்படி இல்லை. தமிழ்த் தகுதித் தேர்வு 80 மதிப்பெண், 32 எடுக்க வேண்டும். அதை எடுத்தால்தான் முதன்மைத் தாளைத் திருத்துவார்கள். முதன்மைத் தாள் 70 மதிப்பெண்: பொது அறிவு 45, உளவியல் 25. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை உள்ள சமச்சீர் புத்தகங்களைத்தான் படித்தேன். மகளும் நானும் ஒரே புத்தகத்தைப் பங்கு போட்டுக்கொண்டு படித்த ராத்திரிகள் உண்டு.

ஏழு மாதப் பயிற்சிதான் கஷ்டம். பி.ஆர்.எஸ். என்ற காவலர் பயிற்சிப் பள்ளியிலேயே தங்க வேண்டும். மகளை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். அவளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்த அன்று டிரில்லில் கால் மாறி மாறி விழுந்தது. கூட இருந்த பிள்ளைகள் முதல் வாரம் "அக்கா" என்றார்கள், போகப் போக "அம்மா" ஆகிவிட்டேன். இப்போது காவல்துறையின் ஆயுதப்படையில் இருக்கிறேன். பெண் கைதிகளை வழிக்காவலில் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போகும்போது அவர்கள் என்னிடம் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார்கள். கேட்டுக்கொண்டே வருவேன், பஸ்ஸில் ஒரு சத்தம் இருக்காது. இந்தப் பொறுமை 20 வயதில் எனக்கு இருந்திருக்காது.

ஓய்வுபெற்ற ஹவில்தார்:

தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு என் பங்கையும் சொல்லத் தோன்றியது. ராணுவத்தில் பணி முடித்து ஊருக்கு வந்தபோது 40ஐ நெருங்கிக்கொண்டிருந்தேன். வங்கி வாசலில் துப்பாக்கியோடு உட்காரும் வேலைதான் எல்லோரும் சொன்னது. முன்னாள் ராணுவத்தினருக்குக் காவலர் தேர்வில் 47 வயது வரை அனுமதி, 5 சதவீத இடஒதுக்கீடும் உண்டு. ராணுவத்திலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கைப் பத்திரமாக வைத்திருங்கள், சான்றிதழ் சரிபார்ப்பில் அதில் உள்ள தேதியைத்தான் பார்ப்பார்கள்.

துப்பாக்கி, அணிவகுப்பு, காலையில் எழுவது, இதெல்லாம் எனக்குப் புதிதில்லை. என்னைவிடச் சிறியவர் வாத்தியாராக நின்று அதட்டுவதும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை, பட்டாளத்தில் அதுவும் பழக்கம்தான். சட்ட வகுப்புதான் என்னைத் திணறடித்தது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால், பழைய ஏட்டுகளே பிரிவு எண்களைப் புதிதாக மனப்பாடம் செய்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் 22 வயதுக்காரனும் 45 வயதுக்காரனும் இப்போது ஒரே பெஞ்சில்தான்.

இன்னொன்று. ராணுவத்தில் உத்தரவு வந்தால் செய்துவிடுவோம், எதிரே இருப்பவரிடம் விளக்கம் சொல்லும் வேலை இல்லை. இங்கே திருவிழா பந்தோபஸ்தில் ஒரு பாட்டி வந்து, "ஏன்யா இந்தப் பக்கம் விடமாட்டேங்கிறே?" என்று கேட்டால் நின்று பதில் சொல்ல வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பயிற்சிக் காலம் பத்தவில்லை. வேலையில்தான் வந்தது.

கிழக்கு லண்டன்வாசி:

என் கதை வேறு. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்குச் சீருடை என்றாலே சோதனைச் சாவடியும் பயமும்தான். அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடந்த தலைமுறை நாங்கள். லண்டனுக்கு வந்து பல காலம் கடையில் வேலை. 43 வயதில் பொலிசில் சேரப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா தொலைபேசியில் அழுதுவிட்டா.

இங்கே விண்ணப்பிக்க மேல் வயது வரம்பு கிடையாது. கான்ஸ்டபிள் 60 வயதில் ஓய்வு பெற வேண்டும், அவ்வளவுதான். உடற்தகுதிக்கு 15 மீட்டர் இடைவெளியில் பீப் சத்தத்துக்கு ஏற்ப மாறி மாறி ஓடி, 5.4 நிலை வரை போக வேண்டும். மூன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் கூட. ஒழுங்காக நடைப்பயிற்சி செய்பவர் கொஞ்சம் பழகினால் முடியும். பின்னணிச் சோதனைதான் நீளம்: கடன், உறவினர், இருந்த முகவரிகள் எல்லாவற்றையும் கேட்பார்கள். ஒன்றையும் மறைக்க வேண்டாம்.

நேரே முழுநேர வேலையில் குதிக்கத் தயக்கமென்றால் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகத் தொடங்கலாம். சம்பளம் இல்லை, ஆனால் கைது செய்யும் அதிகாரம் உட்பட எல்லாம் உண்டு. நான் அப்படித்தான் தொடங்கினேன். ஈஸ்ட்ஹாமில் ஒரு முதிய தமிழ் அம்மா களவு கொடுத்துவிட்டு, ஆங்கிலம் தெரியாமல் விக்கித்து நின்றா. நான் தமிழில் "என்ன நடந்தது அம்மா?" என்று கேட்டதும் என் கையைப் பிடித்தவ, விடவே இல்லை. அன்றைக்கே முழுநேரத்துக்கு விண்ணப்பிக்க முடிவெடுத்தேன்.

குமரிக்காரன்:

வைகைக்கரை அக்கா, என் அக்காவுக்கு 36 முடியப் போகிறது, அவரும் கணவரை இழந்தவர். இனி முயற்சி செய்து பயனுண்டா? காவலராகச் சேர்ந்தால் கடைசிவரை அதே நிலையில்தான் இருக்க வேண்டுமா?

வைகைக்கரை:

பயனுண்டு தம்பி, ஆனால் ஒரு நாளைக்கூட வீணாக்காதீர்கள். வயதை வழக்கமாக அறிவிப்பு வரும் ஆண்டின் ஜூலை 1 அன்று கணக்கிடுவார்கள். அக்காவின் பிறந்த தேதியை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள தேதிதான் செல்லும்.

கடைசிவரை அதே நிலை என்று யார் சொன்னது? பத்து ஆண்டுப் பணியில் முதல்நிலைக் காவலர், அதற்கு மேலே ஏட்டு. எஸ்.ஐ. நேரடித் தேர்விலும் 20 சதவீதம் துறைக்குள் இருப்பவர்களுக்குத்தான், அதற்கு வயது வரம்பு 47. பட்டப்படிப்பும் ஐந்து ஆண்டுப் பணியும் வேண்டும். நான் தொலைதூரக் கல்வியில் பி.ஏ. சேர்ந்திருக்கிறேன். உங்கள் அக்காவை நாளைக்கே தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப் போங்கள். உயரத்தையும் அங்கே போவதற்கு முன்னால் காலையில் அளந்து பாருங்கள், மாலையில் சற்றுக் குறைவாகக் காட்டும். 159 இருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள், கிரவுண்ட் பயிற்சிக்கு என்ன செய்யலாமென்று அவரிடமே பேசுகிறேன்.