மறுமொழி: "கொக் பண்ணுதல்" – ஒரு சொல் போதாது

அன்பின் நண்பர்களுக்கு,

வளித்துப்பாக்கியைச் சுடுவதற்கு ஆயத்தமாக்குவதை நாங்கள் "கொக் பண்ணுதல்" (cocking) என்கிறோமே, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன கிழமை கேட்டிருந்தேன். மூன்று சொற்கள் வந்து சேர்ந்தன. திருகோணமலை ஐயா "நாணேற்றல்" என்றார். கோவை நண்பர் "குதிரையிழுத்தல்" என்றார். மட்டக்களப்புத் தங்கை "கொளுவல்" என்றார். எது சரி என்று முடிவெடுக்க முடியாமல் மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டுதான் சனிக்கிழமை பயிற்சிக்குப் போனேன். அங்கே கண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

10 மீற்றர் வளிக் கைத்துப்பாக்கி (எயார் பிஸ்டல்) பழக வரும் பிள்ளைகளில் ஒருத்திக்கு 15 வயது. அவள் கையில் இருப்பது பழைய ரஷ்யத் தயாரிப்பான இஷ்-46. குழலுக்குக் கீழே நீளமாக ஒரு நெம்பு (லீவர்) இருக்கும். அதை முன்பக்கமாக முழுவதும் திறந்து, பிறகு திருப்பி மூடவேண்டும். "சேர், இதைக் கொக் பண்ண ஏலாமல் கிடக்கு" என்று கையை விரித்துக் காட்டினாள். நெம்பின் விளிம்பு உள்ளங்கையில் சிவப்புக் கோடாகப் பதிந்திருந்தது.

பக்கத்தில் நின்று பார்த்தேன். திறக்கும்போது ஒரு சிரமமும் இல்லை. குண்டு போடும் பின்வாய் மேலெழும்பும்போது "டிக்" என்று ஒரு சிறிய சத்தம், சுடுபொறி சுடத் தயாராக மாட்டி நின்றுவிட்டது. அவள் திணறியது மூடும்போதுதான். பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். அந்த இடைவெளியில் நெம்பு கையைப் பின்னால் தள்ளியது. பிறகு முழங்கையை அகட்டி மணிக்கட்டால் அமுக்கினாள்.

அதாவது அவளுக்குக் கடினமாக இருந்தது கொக் பண்ணுவதே அல்ல, நெம்பை மூடி, குண்டைத் தள்ளும் வளியை உள்ளே நெருக்குவது. பக்கத்திலிருந்த ஒருவரோ "கொக் பண்ண இறுக்கமென்றால் வில்லை (ஸ்பிரிங்கை) மாற்றிப் பார்க்கலாம்" என்றார். முசலத்தை, அதாவது பிஸ்டனை, தள்ளும் பெரிய வில் அந்தத் துப்பாக்கியில் இல்லவே இல்லை. ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் வைத்திருப்பதால் வரும் பிழை இது. எனவே நமக்கு ஒரு சொல் போதாது, மூன்று வேண்டும் என்கிறேன்.

முதலாவது நாணேற்றல். இதை வில்லால் இயங்கும் துப்பாக்கிக்கு வைத்துக்கொள்ளலாம். பக்கநெம்பு கொண்ட ஃபைன்வெர்க்பாவ் 65, மேற்பாகத்தைத் தூக்கித் திறக்கும் வைரௌக் எச்டபிள்யூ 45 போன்றவை இந்த வகை. நெம்பை இழுக்க இழுக்க முசலம் நகரும், வில் ஒடுங்கும். "அங்கே நாண் எங்கே இருக்கிறது?" என்று கோவை நண்பர் கேட்டிருந்தார். நம் இலங்கைப் பாடநூல்களில் ஸ்பிரிங்கின் பெயரே வில்தான். அதை வைத்து நிறுக்கும் தராசு விற்றராசு. தமிழ்நாட்டில் நீங்கள் எழுதும் சுருள்வில்லிலும் வில் இருக்கிறது. வில்லை வளைத்துச் சக்தியைச் சேமித்து நிறுத்துவதுதானே நாணேற்றல்? அந்தச் செயல் இங்கே அப்படியே நடக்கிறது.

வெறும் "ஏற்றல்" மட்டும் வேண்டவே வேண்டாம். குண்டு போடுவதைக் குண்டேற்றல் என்கிறோம். சுடுகளத்தில் "ஏற்று" என்ற கட்டளையை ஒரு பிள்ளை நெம்பை இழுப்பது என்றும் இன்னொரு பிள்ளை குண்டு போடுவது என்றும் விளங்கிக்கொண்டால் விபரீதம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இரண்டாவது வளி நெருக்கல், சுருக்கமாக நெருக்கல். ஒரே மூடலில் வளியை அடைக்கும் துப்பாக்கிகளுக்கு இது. மூட மூட உள்ளே அமுக்கம் கூடும். அதனால்தான் பாதியில் நிறுத்துகிறவருக்கு மிச்சப் பாதி மலையாகத் தெரிகிறது.

மூன்றாவது கொளுவல். தங்கை தந்த சொல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சட்டையை ஆணியில் கொளுவுகிறோம், வாளியைக் கயிற்றில் கொளுவுகிறோம். சேமித்த சக்தியை விடாமல் பிடித்து நிற்கும் சிறு உருக்குத் துண்டு கொளுக்கி. அது மாட்டும் கணம் கொளுவல். இன்று போட்டிகளில் பெரும்பாலும் காணும் துப்பாக்கிகளில் 200 பார் அமுக்கத்துக்கு முன்கூட்டியே வளி அடைத்த உருளை இருக்கிறது. அவற்றில் நாணேற்றலும் இல்லை, நெருக்கலும் இல்லை. மிஞ்சுவது கொளுவல் ஒன்றுதான். ஒரு போட்டியில் 60 சூடுகள், 75 நிமிடம். அத்தனை தடவையும் நெம்போடு மல்லுக்கட்டாமல் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சுட்டவர்களுக்குத் தெரியும்.

கோவை நண்பர் தந்த குதிரை அருமையான பழைய சொல். ஆங்கிலேயர் சேவலைக் (cock) கண்ட உறுப்பில் நம்மவர் குதிரையைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் கதைகளில் அதையே விரலால் அழுத்தும் உறுப்புக்கும் எழுதுகிறார்கள். ரிவோல்வரின் சுத்தியலுக்கு மட்டும் அதை ஒதுக்குவோம். விரலால் அழுத்துவதை விசை என்பதும் சரிவராது, பலத்துக்கும் (force) அதே சொல்லாயிற்றே. போட்டி விதியைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: "விசையின் விசை 500 கிராமுக்குக் குறையக்கூடாது." சுடுநெம்பு என்றால் குழப்பமில்லை.

இந்த மூன்றையும் வைத்துப் பிள்ளைகளுக்கான துண்டுப்பிரசுரத்தை இப்படித் திருத்தியிருக்கிறேன்:

"நாணேற்றல் இறுகினால் முதலில் நெம்பின் சுழலாணியை (நெம்பு திரும்பும் ஆணியை) பார், துரு இருந்தால் துடைத்து கிரீஸ் இடு. முசலம் ஓடும் அறைக்குள் எண்ணெய் விடாதே; நெருங்கிய வளியின் சூட்டில் எண்ணெய் பற்றும். நெருக்கல் கடினமானால் குழல்வாய் இலக்கைப் பார்த்தபடி இருக்க, பிடியை மேசையில் ஊன்றி, உடற்பாரத்தைக் கொடுத்து, நிறுத்தாமல் ஒரே மூச்சில் மூடு. முன்பைவிட இலேசாகிவிட்டால் வளி கசிகிறது என்று சொல். கொளுவும் சத்தம் கேட்கும்வரை நெம்பை விடாதே. கொளுவாவிட்டால் நெம்பில் குழாய் செருகி இழுக்காதே, திருத்துபவரிடம் கொடு."

சுழலாணி விடயம் வெள்ளவத்தைக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கடற்கரைப் பக்கம் இரண்டு மாதம் உறையில் கிடந்தால் போதும், உப்புக்காற்று வேலையைக் காட்டிவிடும்.

அந்தப் பிள்ளைக்கு "உனக்குப் பாரமாக இருப்பது நெருக்கல்" என்று சொல்லி, பிடியை மேசையில் ஊன்றி மூடவைத்தேன். நாலாவது தடவை நிறுத்தாமல் மூடினாள். அடுத்த பிள்ளைக்கு அவளே "நெருக்கேக்க நிப்பாட்டாத" என்று சொல்லிக்கொடுத்ததைக் காதால் கேட்டேன்.

ஒரு முடிச்சு மட்டும் மிச்சம். சுடாமலே வில்லைத் தளர்த்துவதற்கு நாணிறக்கல் பொருந்துகிறது. நெருக்கிய வளியைச் சுடாமல் வெளியேற்றுவதற்கு என்ன சொல்லலாம்? "வளி விடல்" என்று எழுதி வைத்திருக்கிறேன், அரைமனதாக. பிரசுரம் புதன்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் ஐயாவும் தங்கையும் ஒரு வரி எழுதினால் நல்லது.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து