இரைப்பைப் புற்றுநோய்: லேப்ராஸ்கோப்பியா, வயிற்றைத் திறந்தா?

வணக்கம். அப்பாவுக்கு வயது 64. எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புண் தெரிந்தது. பயாப்ஸியில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. ஆரம்பக் கட்டம்தான், சிடி ஸ்கேனில் வேறெங்கும் பரவவில்லை. கீழ்ப்பகுதியை எடுத்துவிட்டு மீதியைச் சிறுகுடலோடு இணைக்க வேண்டுமாம். ஒரு மருத்துவர் லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் போட்டு, கேமரா வழியாகப் பார்த்துச் செய்வது) போதும் என்கிறார், இன்னொருவர் வயிற்றைத் திறந்து செய்வதே நல்லது என்கிறார்.

இந்தக் கட்டத்தில் இரண்டு முறையிலும் 5 ஆண்டு உயிர்வாழ்வு ஏறக்குறைய ஒன்றுதான் என்று கொரியாவின் பெரிய ஆய்வு ஒன்று 2019-இல் சொல்லியிருக்கிறது. தழும்பு எனக்குப் பெரிதில்லை. புற்றுநோய் பரவக்கூடிய, இரைப்பையைச் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களைச் சரியாக எடுப்பார்களா என்பதுதான் கவலை. குறைந்தது 16 கணுக்களாவது பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று படித்தேன்.

இதைச் செய்துகொண்டவர்கள், கூட இருந்து கவனித்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டீர்களா? பாதியில் திறந்த முறைக்கு மாற நேர்ந்ததா? அப்புறம் சாப்பாடு. அப்பா இப்போதே நாலு வாய் சாப்பிட்டதும் தட்டைத் தள்ளிவிடுகிறார். ஆபரேஷனுக்குப் பிறகு, சாப்பிட்டதுமே வியர்வையும் படபடப்பும் வரலாம் என்கிறார்கள். எப்படிச் சமாளித்தீர்கள்? அடுத்த வாரம் முடிவு சொல்லியாக வேண்டும்.